ஒன்று முதல் ஐந்து வரை கூப்பிட வேண்டாம்

1

"எங்க ரீட்டா வேற கிரகத்துக்கு ஃபேன் செய்யறா."

மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயில் வாசலில், ஞாயிறு பூசை முடிந்து நிற்பவர்களிடம் என் வேலையைப் பற்றி அம்மா தரும் விளக்கம் இவ்வளவுதான். முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். எதையும் ஒரே வரியில் முடித்துவிடுவார். "ஏன் டீச்சர், அங்க அவ்ளோ வேக்காடா?" என்று யாரோ ஒருமுறை கேட்டார்களாம். நான் பதினாறு வருடமாக ஜெர்மனியின் வடக்கு மூலையில் ஒரு சின்ன ஊரில் குப்பை கொட்டுகிறேன். இதைவிடச் சரியான விளக்கம் எனக்கும் கிடைத்தபாடில்லை.

நான் செய்வது ஃபேன் அல்ல, உந்துவிசிறி. பழைய விமானங்களின் மூக்கில் சுழலுமே, அது. அதை வைத்து வேறு கிரகங்களின் காற்றில் ஒரு சின்ன விமானத்தைப் பறக்கவிட வேண்டும். அதற்கான விசிறி இதழ்களைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஆய்வுக்கூடத்தில் அடுத்த சோதனைக்கான கட்டளைப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். புதிதாகச் சேர்ந்த யோனாஸ் என்ற பையன், இருபத்தைந்து வயதிருக்கும், வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்தான். பன்னிரண்டாவது வரியில் நிறுத்தி, "இதிலும் விமானத்துக்குப் பதில் கிடைக்கவில்லை என்றால்? அதற்கு அப்புறம் அது என்ன செய்யும்?" என்று கேட்டான்.

எங்கள் வேலையில் எல்லோரும் கேட்க வேண்டிய, கேட்காவிட்டால் திட்டு வாங்க வேண்டிய கேள்வி அது. நான் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இதே கேள்வியை ஐந்து வருடத்துக்கு முன்னால் அம்மா என்னிடம் கேட்டிருக்கிறார். நான் பதில் சொல்லவில்லை. அம்மா கீழே விழுந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது.

2

கொஞ்சம் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் செய்த தப்பும் புரியாது.

செவ்வாய்க் கிரகத்தில் காற்று என்பது பேச்சுக்குத்தான். நம் ஊர்க் காற்றில் நூற்றில் இரண்டு பங்கு கனம்கூடத் தேறாது. அதைப் பிடித்துத் தள்ளி மேலே ஏற வேண்டுமென்றால் இதழ் அகலமாக இருக்க வேண்டும், எடையே இருக்கக் கூடாது, வெறி பிடித்த மாதிரி சுழல வேண்டும். அதிலும் ஓர் அளவு உண்டு. இதழின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கினால் எல்லாம் உதறத் தொடங்கிவிடும். சனியைச் சுற்றும் டைட்டன் என்ற நிலவில் இதற்கு நேர் தலைகீழ். காற்று நம்முடையதைப் போல நாலு மடங்கு கனம், இழுவிசை ஏழில் ஒரு பங்கு. நொச்சிக்குப்பத்துப் படகுத் துடுப்பை இரண்டு கையிலும் கட்டிக்கொண்டு அடித்தால் மனுஷனே எழும்பிவிடலாம், குளிரில் விறைத்துச் சாகாமல் இருந்தால். வெள்ளியில் தரையில் இறங்கினால் வெந்து போவோம். மேகத்தின் உயரத்தில் மட்டும் பறக்கலாம், அந்த மேகமும் அமிலம்.

இதையெல்லாம் இங்கே பூமியில் சோதிக்க ஒரு பெரிய இரும்புத் தொட்டி வைத்திருக்கிறோம். ஒரு வீடு கொள்ளும். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு அந்தக் கிரகத்தின் காற்றைப் போல ஒன்றை நிரப்புவோம். இழுவிசையைக் குறைக்க முடியாது என்பதால் மேலே நூல் கட்டி, விமானத்தின் பாரத்தில் ஒரு பங்கை நாங்களே தாங்கிக்கொள்வோம். அளவுக் கருவிகள் குழம்பும் என்பதால் கைபேசிகளை வெளியே இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். காலை பத்து மணிக்குப் பூட்டினால் மதியம் ஒரு மணிக்குத்தான் திறப்போம், சென்னையில் அப்போது மாலை நாலரை.

முக்கியமான விஷயம் இனிதான். செவ்வாய்க்கு இங்கிருந்து ஒரு கட்டளை போய்ச் சேரவே பல நிமிடம் ஆகும். பதில் வர அதே அளவு. டைட்டனுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல். அதனால் கையில் குச்சியைப் பிடித்துக்கொண்டு இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று ஓட்டுவதெல்லாம் நடக்காது. "காற்று பலமாக இருந்தால் இதைச் செய். கேமராவில் தரை தெரியாவிட்டால் அதைச் செய்" என்று நடக்கக்கூடியது எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட வேண்டும். பறந்ததா விழுந்ததா என்று நமக்குத் தெரிய வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். வெளிநாட்டில் இருக்கும் யாருக்கும் இது புதிதல்ல என்று எனக்குத் தோன்றும்.

எத்தனை வரி எழுதினாலும் கடைசி வரி மட்டும் மாறவே மாறாது. எதுவும் புரியவில்லை என்றால் இருந்த இடத்தில் இறங்கு, அசையாதே, வீட்டைக் கூப்பிடு. வீடு என்றால் நாங்கள். அந்த வரி இல்லாத பட்டியலில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதற்காக இரண்டு பேரை அழ வைத்திருக்கிறேன்.

3

அப்பா போனது ஐந்து வருடத்துக்கு முன்பு. நான் ஒரே பிள்ளை. அம்மாவை இங்கே அழைத்து வந்துவிடலாம் என்று அப்போதுதான் கிளம்பினேன். இந்த நாட்டில் வயதான பெற்றோரை நிரந்தரமாகக் கூட்டி வருவது லேசில்லை. அங்கே பார்த்துக்கொள்ள ஒருவருமே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். பென்ஷன் தாள், டாக்டர் தாள், அதற்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை. குடியேற்ற அலுவலகத்தில் இருந்த பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். பதற்றத்தில் "என் அம்மா தனியாக இருக்கிறார்" என்று சொல்வதற்குப் பதில் "என் அம்மா தனித்துவமானவர்" என்கிற மாதிரி எதையோ உளறி வைத்தேன். "எல்லா அம்மாவும் அப்படித்தான்" என்று சிரித்துவிட்டு, இன்னும் நாலு படிவம் கொடுத்தாள்.

கவிழ்த்தது மொழியல்ல, அம்மா. உறவினர் யாரும் இல்லை என்ற தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். ஆதம்பாக்கத்தில் என் பெரியப்பா மகன் சேவியர் அண்ணன் இருக்கிறார்.

"உயிரோட இருக்கிற புள்ளைய இல்லன்னு எழுதச் சொல்றியா ரீட்டா? ஞாயித்துக்கிழமை அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"வெறும் பேப்பருக்குத்தான்மா."

"பேப்பர்ல பொய் எழுதின பசங்களுக்கு நான் முட்டை போட்டிருக்கேன்."

அதோடு அந்த ஃபைல் மூடியது. எனக்குக் கோபம். உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது, அதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். அம்மா வந்தால் வீட்டில் யார் இருப்பது, குளிர்காலத்தில் எங்கே கூட்டிப்போவது என்றெல்லாம் என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தது.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் பட்டியல் எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. ரத்த அழுத்தம் இவ்வளவுக்கு மேல் போனால் இந்த மாத்திரை. தலை சுற்றினால் உட்கார்ந்து தண்ணீர். வேலைக்கு வரும் கஸ்தூரி இரண்டு நாள் வராவிட்டால் இன்னாரிடம் சொல்லவும். அவசரம் என்றால் முதலில் சேவியர், பத்து நிமிடம் விட்டு மூன்று முறை. அவர் எடுக்காவிட்டால் கீழ் வீட்டு ஆன்ட்டி. நடுவில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: மதியம் ஒன்று முதல் ஐந்து வரை ரீட்டா சோதனையில் இருப்பாள், கூப்பிட வேண்டாம். அடுத்த லீவில் சென்னை போனபோது லஸ் முனையில் ஒரு கடையில் கொடுத்து லேமினேட் செய்து, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

நான் ஜெர்மனிக்குத் திரும்பும் நாள் காலையில் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை முழுக்கப் படித்தார். விடைத்தாள் திருத்துகிற அதே முகம்.

"சேவியர் எடுக்கலன்னா?"

"கீழ் வீட்டு ஆன்ட்டி. எழுதியிருக்கேனே."

"அவங்களும் இல்லன்னா?"

"அம்மா, எல்லாரும் ஒரே நேரத்துல எங்கம்மா போயிடுவாங்க? டாக்ஸி வந்து நிக்குது."

அம்மா தலையை ஆட்டிவிட்டு, ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியில் திணிக்கப் போனார்.

4

போன வருடம் இதே வாரம். மத்தியானம் ஒன்றே முக்கால் மணிக்கு, சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டுத் திரும்பும்போது அடுக்களையில் அம்மா வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு. எழுந்திருக்க முடியவில்லை. போன் நைட்டி பாக்கெட்டில்தான் இருந்தது.

சேவியர் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் மகளுடைய கல்லூரி சேர்க்கை விஷயமாக எங்கேயோ வரிசையில் நின்றிருந்தார், போன் ஸ்கூட்டர் பெட்டிக்குள். பத்து நிமிடம் விட்டு மறுபடி. இன்னும் பத்து நிமிடம் விட்டு மறுபடி. பிறகு கீழ் வீட்டு ஆன்ட்டி. அவர்கள் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார்கள். பட்டியல் அங்கே முடிந்துபோனது. விழுந்த இடத்திலிருந்து பார்த்தால் ஃப்ரிட்ஜ் கதவு நேர் எதிரே.

நாலு மணிக்குப் பாத்திரம் தேய்க்கக் கஸ்தூரி வந்தாள். நொச்சிக்குப்பத்துக்காரி, காலையில் ரோட்டோரம் மீன் விற்பவள். பெல் அடித்தும் கதவு திறக்காததால் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்திருக்கிறாள். தெருமுனை ஆட்டோக்காரரைக் கூட்டி வந்து தாழ்ப்பாளை உடைத்தது அவள்தான்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். அன்றைக்குத்தான் எங்கள் புதிய விசிறி முதன்முதலாக, செவ்வாய்க் காற்றில், தரையை விட்டு ஒரு சாண் எழும்பி நாற்பது விநாடி அப்படியே நின்றது. மூன்று வருட உழைப்பு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எல்லோரும் கை தட்டினோம். யாரோ கேக் வாங்கி வைத்திருந்தார்கள். சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து போனை எடுத்தேன். கஸ்தூரியின் எண்ணிலிருந்து பதினோரு அழைப்புகள். அம்மாவின் எண்ணிலிருந்து ஒன்றுகூட இல்லை. கஸ்தூரியைத் திருப்பிக் கூப்பிட்டேன்.

"இன்னாக்கா, எத்தினி தபா அடிக்கிறது? டீச்சரம்மா வுயுந்து கெடந்துச்சு. ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கினு கீறோம்."

"எப்ப கஸ்தூரி? எப்ப விழுந்தாங்க?"

"ரெண்டு மணிக்கு முன்னாடியேவாம். கையில போன வச்சிக்கினு கெடக்குது. பொண்ணுக்கு ஒரு போன் போட வேண்டியதுதானம்மான்னு கேட்டா, அஞ்சு மணிக்கு மேலதான் போடணும்னு சொல்லுது. இன்னாக்கா இது, நாயம்?"

என் கையில் கேக் தட்டு இருந்தது.

5

மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. வராண்டாவில் என்னைக் கண்டதும் சேவியர் அண்ணன் குழந்தையைப் போல அழுதார். "சித்தி மூணு வாட்டி கூப்பிட்டிருக்காங்கடி. வண்டிக்குள்ள அடிச்சிருக்கு." நான் அவரைத் தேற்றினேன். தேற்றுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா என்னைக் கூப்பிடல?"

"நீதான எழுதியிருந்த."

அதில் குத்தல் இல்லை. கேள்வித்தாளில் எழுதியிருப்பதைச் சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு, "உன் விசிறி மேல ஏறுச்சாமே, சேவியர் சொன்னான்" என்றார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது அம்மா கொட்டிவாக்கத்தில் சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஊன்றுகோலோடு நடக்கிறார். அங்கே இருக்கும் ஒரு சின்ன நர்ஸுக்கு வட்டிக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார். மயிலாப்பூர் வீடு பூட்டிக் கிடக்கிறது. கஸ்தூரி வாரத்துக்கு ஒருமுறை திறந்து பெருக்குகிறாள். அப்படியே பஸ் ஏறிக் கொட்டிவாக்கம் போய் அம்மாவையும் பார்த்துவிட்டு வருகிறாள். யாரும் அவளுக்கு அதை எழுதிக் கொடுக்கவில்லை.

இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வீடியோவில் கூப்பிடுவோம். என் மகள் நிலாவுக்குப் பதினைந்து வயது. தமிழ் புரியும், பேசத்தான் வராது. பாட்டியிடம் சொல்ல மூன்று வாக்கியம் வைத்திருக்கிறாள். "பாட்டி சாப்டீங்களா? ஸ்கூல் நல்லா போகுது. அம்மாகிட்ட குடுக்கிறேன்." வாரா வாரம் அதே வரிசை. பட்டியல் போட்டுப் பேசுவது என் ரத்தத்திலேயே இருக்கிறது போல. ஆனால் போன மாதம் போனை வைத்துவிட்டு ஜெர்மனில் கேட்டாள், "பாட்டி ஏன் நம்மை ஒருமுறைகூடக் கூப்பிடுவதில்லை? எப்போதும் நாம்தானே கூப்பிடுகிறோம்?"

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது நிஜம். விழுந்ததற்கு அப்புறம் மட்டுமல்ல, அந்தப் பட்டியலை ஒட்டியதிலிருந்தே அம்மா ஒரு நாள்கூடத் தானாக என்னைக் கூப்பிட்டதில்லை. காலையிலும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. ஐந்து வருடமாக நான் அதைக் கவனிக்கவே இல்லை. அம்மா தொந்தரவு செய்வதில்லை என்று நண்பர்களிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

6

கழிப்பறையிலிருந்து திரும்பி வந்து யோனாஸிடம், "இறங்கு, அசையாதே, வீட்டைக் கூப்பிடு" என்றேன். அவன் எழுதிக்கொண்டான். அப்போதுதான் அவன் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கும் தொலைபேசி என் கண்ணில் பட்டது. கம்பி போட்ட பழைய தரைவழிப் போன். அதனால் கருவிகளுக்கு ஒன்றும் ஆகாது. நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அது அங்கேதான் தொங்குகிறது. தீயணைப்புக்கும் காவலாளிக்கும் என்று நினைத்துக்கொண்டு, அந்த எண்ணை நான் யாருக்குமே கொடுத்ததில்லை. பதினாறு வருடத்தில் ஒருத்தருக்குக்கூட.

அன்று மாலையே அம்மாவுக்குப் போன் செய்து எண்ணை மெதுவாகச் சொன்னேன். அம்மா எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அந்தப் பழைய பேப்பரை மறந்துடும்மா. இனிமே ஒரே வரிதான். எப்ப வேணும்னாலும் என்னைக் கூப்பிடு. ராத்திரி, பகல், சோதனை, எதுவா இருந்தாலும்."

"சரி" என்றார் அம்மா. என்னைச் சமாதானப்படுத்தச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

இன்று காலை சோதனை. தொட்டிக்குள் விசிறி சுழலத் தொடங்கி வேகம் பிடித்துக்கொண்டிருந்தது. சென்னையில் மணி இரண்டு இருபது. சுவர்ப் போன் அடித்தது. அது அடித்து நான் கேட்டதே இல்லை, யாருமே கேட்டதில்லை போலிருக்கிறது, எல்லோரும் விறைத்து நின்றார்கள். விசிறியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"அம்மா! என்னாச்சு? விழுந்துட்டியா?"

"ஒண்ணும் ஆகல. எதுக்குக் கத்தற? நீ எடுக்கிறியான்னு பாத்தேன்."

எனக்கு மூச்சு வாங்கியது. சிரிப்பும் வந்தது. கணக்கு டீச்சர், விடையைச் சரிபார்க்காமல் விடுவாரா என்று நினைத்துக்கொண்டேன். வைத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். வைக்கவில்லை.

"ரீட்டா, அன்னிக்கு நான் கூப்பிட்டிருந்தா எடுத்திருப்பியா?"

பொய் சொல்ல நினைத்தேன். அம்மாவிடம் அது செல்லாது.

"இல்லம்மா. போன் பெட்டிக்குள்ள இருந்துச்சு."

"தெரியும்" என்றார். "அதனாலதான் கூப்பிடல. நீ எழுதினதுக்காக இல்ல."

"பின்ன?"

"சேவியர் எடுக்கல, கீழ் வீட்டுல எடுக்கல. அப்பகூட நீ இருக்கேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். உன்னைக் கூப்பிட்டு நீயும் எடுக்கலன்னா, அதுக்கப்புறம் எனக்கு யாருடி இருக்கா?"

பின்னால் யோனாஸ் விசிறியை நிறுத்தட்டுமா என்று சைகையில் கேட்டான்.

"சரி, நீ போய் உன் ஃபேனைப் பாரு" என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்தார்.